தொட்டுப் பார்க்கும் வேலை

ஜூன் 9, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். பதிவேடு எழுதும் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள். அது பாதி வேலைதான். மீதியை மேனேஜர் பட்டறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

இது தொழுநோய் வந்து குணமானவர்களின் குடியிருப்பு. பட்டறையில் பதினாலு பேர். எல்லாருக்கும் நோய் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் விரல்களில் இருந்த உணர்ச்சியும் அதோடு போய்விட்டது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் சுடுவது தெரியாது. கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால் இவர்கள் மரக்கிண்ணத்தில்தான் டீ குடிக்கிறார்கள். அதற்கு மரவை என்று பெயர். உள்ளே எவ்வளவு சூடு இருந்தாலும் வெளியே மரம் சும்மா இருக்கிறது. பல ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் தங்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்து இவர்களே கையால் குடைகிறார்கள்.

"நீ தொட்டுப் பாக்கணும்மா" என்றார் மேனேஜர். "மரச்சிராய் இருந்தா இவங்க கைக்குத் தெரியாது. குத்தினதும் தெரியாது. உள்ளயே இருந்து புண்ணாகி எலும்பு வரைக்கும் போயிரும். உனக்கு விரல் நல்லா இருக்கு. ஒவ்வொரு மரவையும் உன் கைதான் பாஸ் பண்ணணும்."

பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். என் விரலுக்காக ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

ஜூன் 11, புதன்

பச்சைப் பூவரசுக் கட்டையைக் கபிரியேல் அண்ணன் வாய்ச்சி என்ற சின்னக் கோடாலியால் கொத்துவதை இன்று வெகுநேரம் நின்று பார்த்தேன். ஈரமான மரம். ஒவ்வொரு கொத்துக்கும் என் முகத்தில் சாரல் தெறித்தது. வாய்ச்சிப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. அவருக்கு இடது கையில் கட்டை விரலும் உள்ளங்கையும்தான். வெளியே வெள்ளை மரம், உள்ளே சாக்லேட் நிறம். நடுவில் இருக்கிற கோட்டைத் தாண்டாமல் வாய்ச்சி வந்து வந்து நிற்கிறது.

அடிப்பகுதி போதுமான அளவு மெலிந்துவிட்டதா என்று அவர் காதால்தான் பார்க்கிறார். கட்டையைத் தட்டி, தலையைச் சாய்த்து, இன்னும் நாலு கொத்து. மறுபடி தட்டி, போதும் என்று கீழே வைத்தார். என் ஸ்கேலை விட்டு அளந்தேன். சுற்றிலும் ஒரே தடிமன். மூன்று இடத்தில் அளந்தேன். நான்காவது இடத்தில் அளக்க வெட்கமாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பட்டறையின் பின்சுவர் முழுக்க அலமாரி. அதில் வரிசையாகப் பிளாஸ்டரில் பதித்த கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பெயர், வயது, ஊர். இவர்களின் விரல்கள் கொக்கி போல மடங்கிவிடும். ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை மடங்காது. ஆஸ்பத்திரிகளிலிருந்து அந்தப் பதிவை அனுப்புகிறார்கள். இவர்கள் அதைப் பார்த்து அந்தக் கைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி மரவைக்கு இரண்டு பக்கமும் காது செதுக்குகிறார்கள். மடங்கிய விரல்கள் காதின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். மரவை தானாகக் கையில் உட்காரும்.

தனியாக ஒட்டுகிற காது இல்லை. ஒரே கட்டையிலிருந்து வருகிறது. முதல் கொத்திலேயே காது எங்கே வரும் என்று முடிவு செய்ய வேண்டும். முகம் தெரியாத ஒருவரின் விரல், வெறும் கட்டைக்குள் முன்கூட்டியே இருக்கிறது.

இன்று வெறுமனே அலமாரி முன்னால் நின்றேன். ஏதோ பெரிய கூட்டத்துக்கு நடுவில் நிற்பது போல இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஒன்பது மரவை பார்த்தேன். இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். காதின் அடிக்குழிவுக்குள் சுண்டு விரல் மட்டும்தான் போகிறது.

ஜூன் 20, வெள்ளி

மதியம் தவமணி அக்கா குடைந்துகொண்டிருந்த வெள்ளை மரவைக்குள் ஒரு சொட்டு ரத்தம். பக்கத்துப் பலகையிலிருந்து தெறித்ததா, அவர் கையிலிருந்து விழுந்ததா தெரியவில்லை. "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் தெரியாதே. பதினாலு பேரும் உளியை வைத்துவிட்டு அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கபிரியேல் அண்ணனின் உள்ளங்கையில் ஒரு கிழிசல்.

"அட, நானா?" என்றார், தெருவில் போகிற யாரையோ பார்த்துச் சொல்வது போல.

"வேற யாரு? ஊருக்கே ரத்தம் குடுக்கிற வள்ளல்" என்றார் தவமணி அக்கா. "வா, இங்க குந்து. கட்டுப் போடறேன்."

தவமணி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது. தினமும் நான்கு மணிக்கு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கையை இன்னொருவர் பார்ப்பார்கள். கீறல், கொப்புளம், சிவப்பு எதையும் விடுவதில்லை. நான் நின்றபடி பதிவேட்டில் குறிக்கிறேன்.

"இன்னா சங்கவி, தெனமும் எங்க கையவே எழுதற, ஒங்கைய எவன் எழுதுவான்?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

வலது சுண்டு விரல் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. கையை மடக்கி வைத்துத் தூங்கியிருப்பேன். பேனா பிடித்துப் பிடித்து அப்படி ஆகலாம் என்று கல்லூரியில் யாரோ சொன்ன ஞாபகம். இடது கையால் பார்த்தேன். பழக்கமில்லாததால் நேரமாகிறது.

ஜூலை 8, செவ்வாய்

கிராமங்களுக்குப் போகிற பணியாளர்களுக்காக ஒரு படிவம் தட்டச்சு செய்யச் சொன்னார் மேனேஜர். நான்காவது கேள்வி: உடலில் வியர்க்காத, தொட்டால் தெரியாத வெளிர்ந்த தேமல் உள்ளதா? நாற்பது பிரதி எடுத்தேன்.

என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் உண்டு. கல்லூரி மூன்றாம் வருஷத்திலிருந்து இருக்கிறது. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள் அம்மா. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதால் வந்த தேமல்தான். இன்று சரியான புழுக்கம். கை முழுக்க வியர்த்தது, அந்த இடத்தைத் தவிர. எல்லா இடமும் ஒரே மாதிரி வியர்க்க வேண்டும் என்று சட்டமா?

முழுக்கைச் சட்டைத் துணி இரண்டு மீட்டர் வாங்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

தவமணி அக்கா தனக்கென்று ஒரு மரவை செய்துகொண்டார். பதினோரு வருஷமாகப் பட்டறையில் இருக்கிறார். இதுவரை குடைந்ததெல்லாம் அடுத்தவர்களுக்கு. வெடித்துப்போனது, கோணலானது என்று கழித்துக்கட்டியதில்தான் இவ்வளவு காலம் டீ குடித்திருக்கிறார்.

"இந்தத் தடவ எனக்கே எனக்கு. ராணி மாதிரி குடிக்கப்போறேன்" என்றார்.

காதுகளின் வளைவைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மரம் அந்த இடத்தில் கட்டையாகவே இல்லை. துணி மடிந்து விழுந்தது போல இருந்தது. மடங்கிய விரல்களால் பிடித்த உளி எப்படி இவ்வளவு மெதுவாகத் திரும்பியது என்று புரியவில்லை.

"சும்மா பாத்துக்கினே நின்னா? தொட்டுப் பாத்து குடு. டீ ஆறுது."

பட்டறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையில் மரவை இருந்தது. வலது சுண்டு விரலைக் காதின் அடியில் விட்டுச் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு சொரசொரப்பும் இல்லை.

"சரியா இருக்கு அக்கா" என்றேன்.

ஜூலை 16, புதன்

இடது கையால் மறுபடி ஒருமுறை பார்த்திருக்கலாம். நேற்றே அவர் குடிக்க ஆரம்பித்துவிட்டார். போய்க் கேட்டால் ஏன் என்று கேட்பார். வெண்ணெய் மாதிரிதான் இருந்தது.

ஜூலை 23, புதன்

நான்கு மணிக்குத் தவமணி அக்காவின் கையைப் பார்த்த பெண், "அக்கா, இது இன்னா?" என்றாள். இரண்டு நாளாக அக்காவுக்கு லேசான காய்ச்சல். மழையில் நனைந்ததால் என்று நினைத்து அவர் கை பார்க்க வராமல் படுத்திருந்தார். வலது மோதிர விரலின் உள்பக்கம், மடிப்புக்குள், உப்பி மஞ்சளாக இருந்தது.

புதன்கிழமைகளில் வரும் டாக்டரம்மா செல்வநாயகி அதைக் கீறினார். உள்ளிருந்து சீழும், அரை நகம் நீளத்துக்கு ஒரு மரச்சிராயும் வந்தது. எலும்புக்குப் போயிருக்கிறதா என்று இரண்டு மூன்று வாரத்தில்தான் தெரியுமாம். போயிருந்தால் விரல் நுனியை எடுக்க வேண்டும்.

டாக்டர் கீறும்போது தவமணி அக்கா ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழியை விரட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கை அவருடையது இல்லை என்பது போல.

ஜூலை 24, வியாழன்

அக்காவின் மரவையை டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது காதின் அடியில், குழிவின் கடைசியில், பெயர்ந்த தடம் இருக்கிறது. நான் விரல் வைத்த அதே இடம்.

ஜூலை 25, வெள்ளி

மேனேஜர் தவமணி அக்காவைப் பட்டறையிலிருந்து எடுத்துவிட்டார். இனி எண்ணெய் தடவுகிற இடத்தில்தான் அவருக்கு வேலை. "சொந்த மரவையே ஒழுங்கா தேய்க்கல. இன்னொருத்தருக்கு இப்படி ஆனா யார் பதில் சொல்றது?" என்றார். அவரிடம் கோபம் இல்லை. பயம்தான் தெரிந்தது. பாஸ் பண்ணிய என் கையை யாரும் சந்தேகிக்கவில்லை.

"எங்கண்ணு மங்கிப்போச்சு போல" என்று மட்டும் சொன்னார் அக்கா. இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து இவ்வளவு சின்னதாக ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. உளிகளைத் துணியில் சுற்றிக் கபிரியேல் அண்ணன் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பதிவேட்டில் எழுதினேன்: தவமணி, எண்ணெய்ப் பிரிவு.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். "அங்க தண்ணி கிண்ணி வாங்கிக் குடிக்காதே. ரூம்லேருந்தே பாட்டில்ல எடுத்துக்கினு போ. ஆஸ்பத்திரி ஆபீஸ்ல வேலைன்னுதான் தெருவுல சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். சரி என்றேன். வேறு என்னவோ சொல்ல வந்தேன். குக்கர் விசில் அடித்தது, அம்மா போனை வைத்துவிட்டாள்.

நகத்தால் அந்தத் தேமலைக் கிள்ளிப் பார்த்தேன். சிவந்தது. அவ்வளவுதான்.

இனிமேல் இதை வெயில் தேமல் என்று எழுத மாட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டீ நேரம். எல்லாரும் இருந்தார்கள். தனியாகச் சொல்லத்தான் போனேன். ஆனால் தவமணி அக்கா எண்ணெய்க் கையோடு பட்டறை நடுவில் உட்கார்ந்து கோணல் மரவையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் முடியாது என்று தெரிந்தது.

"அக்கா, சிராய் உங்க தப்பு இல்ல. எனக்குத்தான் தெரியல. இந்தச் சுண்டு விரல்ல ஜூன் கடைசியிலேருந்து ஒண்ணும் தெரியல. இங்க ஒரு தேமல் இருக்கு. தெரிஞ்சுக்கினேதான் பாஸ் பண்ணேன்."

சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட கபிரியேலு, இந்தக் கூத்தப் பாரு! பதினாலு பேர் குந்திக்கினு இருக்கோம், ஒருத்தருக்கும் நோயி கெடயாது. நல்ல கை வேணும், நல்ல கை வேணும்னு தேடிப் புடிச்சாந்தாரு மேனேஜரு. இந்தப் பட்டறையிலயே இருக்கிற ஒரே நோயாளி இவதான்!"

கபிரியேல் அண்ணன் டீயை மூக்கு வழியாக விட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்குள் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"எத்தினி நாளா மறச்ச?"

"ஒரு மாசம். தேமல் ரெண்டு வருஷமா இருக்கு."

"நான் ஒம்போது வருஷம் மறச்சேன். புருஷன் வூட்ல தெரிஞ்சிரும்னு. அப்பவே சொல்லியிருந்தா பத்து வெரலும் நிமுந்து நின்னிருக்கும்." மடங்கிய கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "நல்லா பாத்துக்க. நாளைக்கு டாக்டரம்மா வராங்க. ஒன்ன நானே இழுத்துக்கினு போறேன். என் வெரலுக்காக ஒன்னத் திட்டணும். அத அவசரமா செய்யக்கூடாது, ஒரு நாள் ஒதுக்கி நெதானமா திட்டறேன்."

நான் வருவதற்கு முன்னால் சிராயை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

கபிரியேல் அண்ணன் ஒரு மரவையை எடுத்து விளிம்பை உதட்டில் வைத்து மெதுவாகச் சுற்றினார். பிறகு காதின் அடியில் நாக்கு நுனியை விட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்றார், கண்ணைத் திறந்தார், அந்த இடத்தைக் காட்டினார். நான் இடது விரலால் தொட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தேன். முடியை விட மெல்லிசாக ஒரு நார் நின்றுகொண்டிருந்தது.

"கை போச்சு. நாக்கு போகல" என்றார். "இருவது வருஷம் இப்படித்தான் பாத்தோம். கடைசியில வெந்நியில கொதிக்க வெச்சிருவோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. போன வருஷம் பணம் குடுத்து ஒதவி பண்றவங்க கார்ல வந்தாங்க. நாங்க நாக்கு வெச்சதப் பாத்துட்டாங்க. ஒரு அம்மா வாய மூடிக்கினு வெளிய ஓடிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் மேனேஜரு வேணாம்னாரு. ஒன்னக் கூட்டியாந்தாரு."

என் வேலை எதற்காக இருந்தது என்று இப்போது தெரிந்தது.

ஜூலை 30, புதன்

டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலான் இழையால் என் கையைத் தொட்டார். எங்கே தொட்டேன் காட்டு என்றார். காட்டினேன், காட்டினேன், பிறகு வெகுநேரம் காத்திருந்தேன். ஏன் நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், இழை என் சுண்டு விரலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

முழங்கை நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கிறதாம். ஆறு மாதம் மாத்திரை, நரம்புக்குத் தனி மாத்திரை. நோய் போய்விடும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது. விரலில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். முதல் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்கினேன். தண்ணீர் தவமணி அக்கா கொடுத்தார். மரவையில்.

டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட மேனேஜர், "பதிவேடு இருக்கும்மா. நீ எங்கயும் போவாதே" என்றார். "தவமணி அக்காவோட பலகை?" என்று கேட்டேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பக் கொடுத்துவிடலாம் என்று அவர் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 13, புதன்

எலும்புக்குப் போயிருந்தது. மோதிர விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒதுக்கிய நாள் இன்று. தவமணி அக்கா கட்டிலில் சாய்ந்தபடி காலை முழுக்கத் திட்டினார். படிச்ச கழுதை என்றார். வாய் இருந்தும் ஊமை என்றார். நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அவர் திட்டி முடித்ததும், மன்னிச்சிருங்க அக்கா என்றேன்.

"வெரலு திரும்பி வராது. அத நீ தூக்கிக்கினுதான் திரியணும்" என்றார். "தூக்கிக்க. ஆனா இனிமே எந்தக் கையும் ஒனக்கு முன்னால ஏமாறக் கூடாது." பிறகு தலையை வாரிவிடச் சொன்னார்.

ஆகஸ்ட் 27, புதன்

காயம் ஆறிவிட்டது. பழைய மரவை இனி அக்காவின் கைக்குப் பொருந்தாது. புதிதாகப் பிளாஸ்டரில் கை பதித்தோம். சீட்டு நான் எழுதினேன்: தவமணி, 46, இதே ஊர்.

தொட்டுப் பார்க்க வேறு பெண்ணைத் தேடுகிறார் மேனேஜர். "சார், நாக்குதான் சரி" என்றேன். "எனக்குத் தெரியாதாம்மா? வர்றவங்களுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். அதுவரை சிராய் பார்த்துக் காதைக் கடைசியாகத் தேய்க்கும் வேலை நிற்கிறது. முடிந்த மரவைகள் பலகை மேல் சேர்ந்துகொண்டே போகின்றன.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

உதவி செய்பவர்களின் கார் பதினோரு மணிக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் கபிரியேல் அண்ணன் தவமணி அக்காவின் புது மரவையை முடித்தார். மோதிர விரலின் குட்டைக்கு ஏற்ப வலது காது கொஞ்சம் தாழ்ந்து, உள்ளே நீண்டு வந்திருந்தது. வெட்டுப்பட்ட விரல் நுனிக்குச் சாய்ந்துகொள்ள மரத்திலேயே ஒரு சின்னத் தலையணை. அக்கா டீக் கெட்டிலோடு காத்துக்கொண்டிருந்தார். சிராய் பார்க்காமல் கொடுக்க முடியாது. மரவையை நான் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மேனேஜர் அவர்களுக்குப் பின்னாலிருந்து, கீழே வை என்று எனக்குக் கையால் காட்டினார்.

நான்கு பேர் முன்னால் நின்றாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். உலர்ந்த நாக்கால் பார்க்க முடியாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். விளிம்பை உதட்டில் வைத்துச் சுற்றினேன். காதின் அடியில் நாக்கு நுனியை விட்டேன்.

இவ்வளவு நாள் இதன் வெளிப்புறத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பச்சை மரத்தின் லேசான இனிப்பு. உளி நின்று திரும்பிய ஒவ்வொரு இடமும் ஒரு படி மாதிரி தெரிந்தது. ஏறி இறங்கி ஏறியது. ஒரு மனிதர் இதற்குள் நடந்துபோயிருக்கிறார். கடைசி வளைவில் ஏதோ நாக்கைப் பிடித்தது. மிக மெல்லிசாக. அந்த இடத்தைக் காட்டினேன். கபிரியேல் அண்ணன் உளியால் இரண்டு முறை வழித்தார். மறுபடி பார்த்தேன். வழவழப்பு. இந்த முறை வழவழப்பு என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன பண்றாங்க அவங்க?" என்று வந்திருந்த ஒரு அம்மா கேட்டார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"சிராய் பாக்கறாங்கம்மா. இத விட நுணுக்கமா பாக்க வேற வழி இல்ல. அப்புறம் கொதிக்க வெச்சிருவோம். இத முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்."

அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வெந்நீர் அண்டாவில் மரவையை முக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் துடைத்துக் கொடுத்தோம். தவமணி அக்காவின் விரல்கள் காதுக்குள் போய் உட்கார்ந்தன. டீயை ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார்.

"சக்கரையே போடலியே, யாரு போட்டது இது?" என்றார். பிறகு பலகை மேல் சேர்ந்துகிடந்தவற்றை மோவாயால் காட்டினார். "இன்னா நிக்கிற? அடுத்தத எடு."

எடுத்தேன். அதோடு இருந்த சீட்டில், ஜெபராணி, 23, பள்ளி ஆசிரியை, இடது கை என்று எழுதியிருந்தது. அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. இன்னொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அவருடைய விரல்கள் வந்து மாட்டப்போகிற இடத்தில் நாக்கை வைத்தேன்.